உள்ளே இருமியவர்

குளியலறைக்குள் கணவர் இருமினார். அவள் தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே, பழக்கத்தில், "இருமல் மருந்து மேல்தட்டுல இருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்க ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினாள். வெளியே, உறைந்த ஏரியின்மேல், கணவர் நின்றுகொண்டிருந்தார்.

நூல் ஊசிக்காதைத் தவறியது.

அவரேதான். காது மறைத்த குல்லா, ஒரு பக்கம் சாய்ந்த தோள். குளிர்காலம் முழுக்க மீன் பிடிக்க ஏரிமேல் போட்டிருந்த தகரக் கொட்டகையைப் பனி இளகுவதற்குள் பிரிக்கப் போயிருந்தார். அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டை அப்படியே தள்ளிவிட்டுச் சுத்தியலோடு கிளம்பியதைப் பார்த்து அவளாகப் புரிந்துகொண்டதுதான். வருஷக்கணக்காக இதுதான் அவர்களுடைய பேச்சு. "உப்பு." "சாவி." "ஏய், போன் அடிக்குது."

குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பனி இளகும் நாட்களில் பழைய குழாய்கள் முனகும், தொண்டையைக் கனைக்கும். கூரையிலிருந்து உருகிய நீர் தகரத்தில் சொட்டிச் சொட்டி வீட்டின்மேல் யாரோ விரலால் தாளம் போடுவதைப் போலக் கேட்கும். நூலைக் கோத்து மறுபடியும் மிதியை அழுத்தினாள். யாருடைய கோட்டுக்கோ உள்துணி தைக்க வேண்டியிருந்தது.

போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, அண்ணனுக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குறான்."

"ஏரியில இருக்காரு."

"போங்க அண்ணி. பின்னாடி அவன் குரல் நல்லாக் கேக்குது."

அவள் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரையோ பட்டு, பட்டுங்குறானே. பூனை ஏதும் வளக்குறீங்களா?"

நாத்தனார் சிரித்தாள். இவள் கையிலிருந்து போன் நழுவி மடியில் விழுந்து அணைந்தது. கல்யாணமான புதிதில் அவர் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். மூடிய அறைக்குள், காதோடு. வேறு யாருக்கும் தெரியாத பெயர். எப்போது நின்றது என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

ஜன்னலில் பார்த்தாள். ஏரிமேல் அவர் குனிந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவின் கீழிடுக்கிலிருந்து வாடை வந்தது. பாசியும் ஊறிய இரும்பும் நாள்பட்ட குளிரும் கலந்த, ஏரியின் அடியில் கிடந்த எதையோ வெளியே எடுத்துப் போட்டதுபோன்ற வாடை.

"பட்டு."

அவர் குரல். இளமையான குரல்.

"துண்டு எடுத்துட்டு வாயேன்டா. நீ சாப்பிட்டியா?"

ஓடியிருக்க வேண்டும். வாசல் பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது அழுகை. சாப்பிட்டாயா என்று இந்த வீட்டில் அவளை யாரும் கேட்டதில்லை. அடுப்புக்கு மேலே காய்ந்த துண்டை உருவிக்கொண்டு கதவருகே போனாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் வெளியே வந்தது. அவர் கைதான். நகங்கள் வெளுத்து, தோல் ஊறிச் சுருங்கி, முழங்கைவரை நீர் வழிந்தது. அது துண்டை எடுக்கவில்லை. அவள் விரல்களைப் பிடித்து மெதுவாகத் தடவிக்கொடுத்தது.

"ஊசி குத்திக் குத்தி எப்படி ஆயிடுச்சு பாரு."

அப்போது வெளியே பனி வெடித்தது.

எதிர் ஜன்னலில் கொட்டகை சரிந்து மறைந்தது. பனியில் கறுப்பாக ஒரு பள்ளம். அதில் மார்புவரை மூழ்கி, விளிம்பைப் பற்றிக்கொண்டு, கணவர்.

"ஏய்! கயிறு! ஏய்!"

சாகும்போதும் ஏய்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடி இறுக்கமாகவே இல்லை. உதறினால் வந்துவிடும். அவள் உதறவில்லை.

"ஏய்!"

படகுத்துறையிலிருந்து யாரோ ஒருத்தி அவரை நோக்கி ஓடினாள். பனி அவள் காலடியில் சத்தமே போடவில்லை. மண்டியிட்டாள். ஒற்றைக் கையால் அவரைத் தூக்கி வெளியே போட்டாள். முழங்கையில் ஒட்டுப்போட்ட பழுப்பு ஸ்வெட்டர். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இவள் குனிந்து தன் முழங்கையைப் பார்த்தாள். அதே ஒட்டு. அதே நூல்.

அவர் அந்தப் பெண்ணின் தோளில் முகம் புதைத்தார். எழுந்தார். இருவரும் நடந்தார்கள்.

வீட்டுப் பக்கம் இல்லை.

ஏரியின் நடுவுக்கு. பனி கறுத்துத் தண்ணீராகியிருந்த இடத்துக்கு. கை கோத்துக்கொண்டு.

அவள் கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, "என்னங்க!" என்று கத்தினாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தாள். அவர் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து எதையோ சொல்லிக்கொண்டே போனார். நிறுத்தாமல். சிரித்துச் சிரித்து.

முழங்கால். இடுப்பு. கழுத்து.

அந்தப் பெண் மட்டும் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இவளுடைய முகமேதான். சந்தோஷத்தில் நிறைந்து போயிருந்தது. தண்ணீர் அவர் உதடுவரை ஏறியது. உதடுகள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தன.

பின்னால் குளியலறைக் கதவு முழுதாகத் திறந்தது.

ஈரக் காலடிகள். ஒன்று. இன்னொன்று. ஊறிக் கனத்த ஒரு முகவாய் அவள் தோளில் அன்பாக வந்து படிந்தது.