காப்புக் கட்டிய கன்று

கீழைக் கடலில் கிடந்த மரகதத் தீவின் பேராற்றிலே அந்திச் செவ்வொளி குங்குமம் கொட்டியதுபோல் பரவியிருக்க, இருகரைக் கானகத்திலும் ஒரு பறவைகூடக் குரல் கொடாதிருக்க, படகொன்று கடல்முகம் நோக்கி விரைந்துகொண்டிருந்தது. அதில் பட்டு வணிகன் கோலத்தில் அமர்ந்திருந்தவன், அன்பார்ந்த வாசகர்களே, பட்டுக்கும் பருத்திக்கும் பேதம் அறியாத நாகை மருத்துவன் ஆரூரன்! பட்டுப் பொதிக்குள்ளே ஈரமண் சட்டியில் அவன் ஒளித்திருந்தது ஒரேயொரு சுரங்கொல்லிக் கன்று. அதை வேரோடு பறித்தவன் தலை தங்காது என்பது அத்தீவின் சட்டம். நாகையிலோ விஷசுரம் வீட்டுக்கொரு உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய மூத்த மகன் போய்விட்டான். இளையவளாவது பிழைக்க வேண்டுமே!

துடுப்பு வலித்த பெண் சட்டென்று கையை நிறுத்தினாள். துறைமுகத்துத் தமிழ் வணிகரிடம் பழகிய தமிழ் அவளுடையது.

"செட்டியாரே, பட்டு விற்பவருக்கு விரலெல்லாம் மஞ்சள் ஏனோ?"

"சமையலில் பட்டது, பெண்ணே."

"நன்றாகப் பொய் சொல்கிறீர்! கன்று போன குழியருகே மஞ்சள் நூல் கிடந்தது. திருடனானால் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். செடிக்குக் காப்புக் கட்டி, மன்னிப்புக் கேட்டுப் பறிப்பவர் தமிழ் மருத்துவர்தாம்!"

ஆரூரன் பட்டுப் பொதியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான். அடப் பாவமே, செடியின் சாபத்துக்கு அஞ்சியவன் தன் தலைக்கு அஞ்ச மறந்துவிட்டானே!

அவள் முக்காட்டை விலக்கி, அரச முத்திரை மோதிரத்தை நீட்டினாள்.

"நான் இந்நாட்டு இளவரசி தாராவதி. காவலர் உம் தலையைத் தேடுகிறார்கள். நான் உம் வைத்தியத்தைத் தேடி வந்தேன். என் தந்தை சுரத்தில் கிடக்கிறார். எங்கள் பூசகர்களுக்குச் செடியைக் காக்கத் தெரியும், காய்ச்சத் தெரியாது. நீர் தங்கி அவரை எழுப்புவதாக ஆணையிட்டால், கன்றை நானே இன்றே உம் கப்பலில் ஏற்றுவேன். மறுத்தால் உம் தலையும் கன்றும் காவலரிடம் போகும்."

"எத்தனை நாளாகச் சுரம், தேவி?"

"இன்று பத்தாம் நாள்" என்றபோது அவள் குரல் உடைந்தது.

சுரம் கண்ட ஏழு நாளுக்குள் காய்ச்சிப் புகட்டினால்தான் சுரங்கொல்லி வேர் பலிக்கும். அதற்குமேல் எதனாலும் பயனில்லை என்று ஆரூரனின் குருநாதர் ஓலையிலே எழுதியிருந்தார். மன்னர் பிழைக்கப் போவதில்லை. உண்மையைச் சொல்ல அவன் வாயெடுத்தான். தொலைவில் பாய் விரிக்கும் கப்பல் தெரிந்தது.

இடையில் செருகியிருந்த, காய்ச்சும் முறை எழுதிய அந்த ஓலையை எடுத்துச் சட்டியின்மேல் வைத்தான்.

"இதையும் கன்றோடு கப்பல் மீகாமனிடம் சேர்ப்பியுங்கள், தேவி" என்றவன், ஆற்று நீரைக் கையில் அள்ளினான். "மன்னர் எழுந்து நடமாடும்வரை இத்தீவை விட்டு அகலேன். என் மகள்மேல் ஆணை!"