வீடும் வூடும்

பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் மணி மூன்றரை. டிரான்ஸ்பார்மர் வேலை நடப்பதால் நான்கு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதற்குள் ஜெயசித்ரா தன் ஆய்வு முடிவைக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். தவறினால் இந்த வருடம் தேர்ச்சி கிடையாது.

துணைக்கு வந்த தங்கை மணிமொழிக்குப் பதினோரு வயது. அரைமணி நேரமாக அவள் வாயே திறக்கவில்லை. அவள் வரையில் அது பெரிய சாதனை.

"என்னக்கா தேடுற?" சாதனை முடிந்தது.

"தண்ணியில்லாம பருத்திச் செடி காயுறப்ப பன்னெண்டு மரபணு முழிச்சுக்கும். அதை எழுப்புற சுவிட்ச், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஏழெழுத்துச் சொல்லா இருக்கணும். டி.என்.ஏ.வுல மொத்தமே நாலு எழுத்துதான். ஏ, சி, ஜி, டி. என் புரோகிராம் அந்தச் சொல்லைத் தேடிட்டு, மூணுலதான் இருக்குங்குது!"

அக்காவுக்கு அழுகை முட்டியது. மரபணு எழுத்துகளை அச்செடுத்த தாள்களை மணிமொழி மடியில் போட்டு, திரையில் இருந்த சொல்லைப் பென்சிலால் தானே தேடினாள்.

"அக்கா, நீ தேடுறது ஏ-சி-ஜி-டி-ஜி-ஜி-சி. இங்க பாரு, ஏ-சி-ஜி-டி-ஜி-டி-சி. ஆறாவது எழுத்து மட்டும் மாறியிருக்கு. இந்தத் தாள்லயும் அப்படித்தான்!"

"அப்ப அது வேற சொல்லு. விடு."

மணி மூன்றே முக்கால்.

"வேற இல்லக்கா! நம்ம குரும்பலூர்ல 'வீடு'ன்னு சொல்றவங்களைத் தேடிப் பாரு. எங்க டீச்சர் ஒருத்தங்கதான் கிடைப்பாங்க. மத்தவங்களுக்கெல்லாம் 'வூடு'. நான்கூட பரீட்சையில 'வூடு'ன்னு எழுதி முட்டை வாங்கலையா? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஜெயசித்ரா தங்கையை ஒரு நொடி வெறித்துப் பார்த்தாள். பிறகு விரல்கள் பறந்தன. ஆறாவது எழுத்து ஜி அல்லது டி, எதுவானாலும் சரி என்று புரோகிராமை மாற்றினாள்.

பன்னிரண்டில் பத்து!

மணிமொழி துள்ளி எழுந்தாள்.

"இரு! எல்லா மரபணுவுலயும் இருந்துட்டா அது வறட்சிக்கான சுவிட்ச்சே இல்ல." வறட்சிக்குச் சம்பந்தமே இல்லாத பன்னிரண்டு மரபணுக்களையும் தேடக் கொடுத்தாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. மணிமொழி நகத்தைக் கடித்தாள்.

பன்னிரண்டில் ஒன்றே ஒன்று. அப்படியானால் சுவிட்ச் இதுதான்!

அக்கா அவசர அவசரமாக நாலு வரி தட்டினாள். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. உடனே திரை அணைந்தது, மின்விசிறியும் நின்றது.

அரையிருட்டில் அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். "வா, வீட்டுக்குப் போவோம்."

"வூட்டுக்கு" என்று திருத்தினாள் மணிமொழி.