கிணற்றடிக் காட்சி

பத்மாசனி நினைவுமாடத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் பேத்தியை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டார். குழந்தைக்கு ஏனென்று புரியவில்லை. அவருக்கு அறுபது வருடமாகப் புரிந்திருந்தது.

எண்பத்து நான்கு வயதில் இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். அவளுக்குப் பழகவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. "பயப்படாதீங்க, கையில கிணறு எதுவும் கொண்டு வரல" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

'மூன்றாங்கட்டு' என்பது தொலைக்காட்சியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த படம். அன்றைக்குத் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தால் அதிகம். பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே கூடிப் பார்த்தது. பிறகு ஒளிநாடாப் பஞ்சத்தில் அதன்மேல் வேறெதையோ பதிந்து அழித்துவிட்டார்கள். படம் போயிற்று, பயம் போகவில்லை. அதைப் பார்த்த பிள்ளைகள் கிணற்றடிக்குத் தனியாகப் போக மறுத்தார்கள். சித்தி வந்த வீடுகளில் அவள் கையால் சோறு வாங்க மறுத்தார்கள். சித்தியாக நடித்த பத்மாசனிக்கு அதற்கப்புறம் படமில்லை, வாடகைக்கு வீடில்லை. அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அம்மா யாரென்று தெரிந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது நினைவுத்தறி வந்துவிட்டது. ஒன்றைப் பார்த்தவர் தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், அவர் நினைவைத் தறி ஓர் இழையாக உருவி எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இழைகளை அடுக்கி, ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு ஒவ்வாததைக் கழித்துவிட்டு, தொலைந்ததைத் திரும்ப நெய்து தரும். எரிந்துபோன சுவரோவியங்கள் வந்தன, அணைக்குள் மூழ்கிய ஊர்களின் தெருக்கள் வந்தன. நாளாக ஆக, தறி சொன்னதுதான் தீர்ப்பு என்று ஆகிவிட்டது. பாகப்பிரிவினைக்குக்கூடத் தறியைத்தான் கூப்பிட்டார்கள்.

'மூன்றாங்கட்டு'க்கு நாலாயிரம் பேர் இழை கொடுத்திருந்தார்கள். இன்று இந்த நினைவுமாடத்தில் திரையிடல். பார்த்தவர்கள் கை தூக்கிச் சம்மதித்தால் படத்துக்கு முத்திரை விழும். அதன்பின் அதுவே அசல். சாவதற்குள் தன் பெயர் துலங்கிவிடும் என்றுதான் பத்மாசனியும் தன் இழையைக் கொடுத்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. இருபத்து நான்கு வயதுப் பத்மாசனி கண்ணாடி வளையல் குலுங்க நடந்து வந்தாள். எல்லாம் அப்படியே இருந்தது, கிணற்றடி வரைக்கும். குழந்தை கைப்பிடிச் சுவரில் குனிந்தது. வளையல் போட்ட கை நீண்டு அதன் முதுகில் பதிந்து தள்ளியது.

"சண்டாளி" என்றது ஒரு குரல். விளக்கு வந்தபோது முன்வரிசையின் அந்தக் கோடியில் சுகிர்தா அழுதுகொண்டிருந்தாள். கிணற்றில் விழும் குழந்தையாக ஆறு வயதில் நடித்தவள். இன்று படத்தை மீட்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. அந்தக் குழந்தை நான்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே இரக்கம் வாங்கியவள்.

பத்மாசனி எழுந்தாள். "நான் தள்ளல."

தறியை இயக்கும் எழிலரசன் கையைப் பிசைந்தான். "அம்மா, உங்க இழையையும் சேர்த்துத்தான் நெய்தோம். அது ஒண்ணு. எதிர்ப்பக்கம் நாலாயிரம். நாங்க என்ன செய்ய?"

"அந்த இடத்துல படமே ஓடலையே தம்பி! குழந்தை குனியற வரைக்கும் ஓடிச்சு. உடனே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு அட்டையைப் போட்டுட்டான். திரும்ப வந்தப்ப நான் சொட்டச் சொட்ட நிக்கறேன், குழந்தை பேச்சுமூச்சில்லாமக் கிடக்கு. நடுவுல அது வழுக்கி விழுந்ததையும் நான் குதிச்சுத் தூக்கினதையும் ஒருத்தரும் பார்க்கல. மறுநாள் குழாயடியில கூடி நீங்களா முடிவு கட்டினீங்க."

கூட்டம் சிரித்தது. பேத்தியோடு வந்த பெரியவர் எழுந்து, "இந்தக் கண்ணால பார்த்தேன். தடங்கலாம் தடங்கல்!" என்றார்.

"அப்ப பிரிச்சுக் காட்டச் சொல்லு" என்றாள் பத்மாசனி, எழிலரசனைப் பார்த்து. "யாரோட உருவத்தை நெய்யறீங்களோ அவங்க கேட்டா இழையைப் பிரிச்சுக் காட்டணும்னு உங்க சட்டத்துலயே இருக்கு. கிணத்தடியை மட்டும் பிரி. ஒவ்வொருத்தர் கண்ணால பார்த்ததையும் நானும் பார்க்கறேன்."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைம்மா" என்றான் அவன். ஆனால் மறுக்க அவனுக்கு வழியில்லை.

முதல் இழை திரையில் விரிந்தது. குழந்தையைத் தள்ளிய கையில் கண்ணாடி வளையலே இல்லை. மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. எழுந்து நின்ற பெரியவர் அப்படியே உட்கார்ந்தார். "அத்தை..." என்றார், யாரிடமும் இல்லாமல். அடுத்த இழையில் சாக்பீஸ் தூள் படிந்த விரல்கள். அதற்கடுத்ததில் மயிர் அடர்ந்த ஆண் கை, பச்சைக்கல் மோதிரத்தோடு. பின்வரிசையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"பாருங்க, எனக்கு முழங்கை வரைக்கும் மயிர்" என்றாள் பத்மாசனி. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கை இன்னொரு கையைப் போல இல்லை. எழிலரசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பார்க்காத இடத்தை மனசு காலியாக விட்டுவைப்பதில்லை என்றான். யாருக்கு எந்தக் கையைக் கண்டு பயமோ, அந்தக் கையை அவரவர் அங்கே வைத்திருக்கிறார்கள். தறிக்குத் தள்ளல் மட்டும்தான் ஒத்துவந்தது, கை ஒத்துவரவில்லை. அதனால் குழந்தையைத் தவிர அங்கே நின்ற ஒரே ஆளான பத்மாசனியின் கையை எடுத்து ஒட்டிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் நாலாயிரம் வீட்டில் பத்திரமாக இருந்தது.

அடுத்து வந்தது சுகிர்தாவின் இழை. மற்றவை மங்கலாக இருந்தன, இது பளிச்சென்று இருந்தது. கிணற்றுக்குள் விழுந்துகொண்டே திரும்பிப் பார்க்கும் கண்ணுக்குத் தெரிகிற காட்சி. மேலே பச்சைப் புடவை, நீட்டிய கை, அதற்கும் மேலே ஒரு முகம் தெரியப்போகிறது.

"நிறுத்துங்க!" என்று சுகிர்தா கத்தினாள். எழிலரசன் நிறுத்தினான்.

ஆயிற்று, அறுபது வருடத்துப் பழி இதோ இறங்கப்போகிறது என்று பத்மாசனி நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வருவார்கள், கேட்டால் என்ன சொல்லித் திட்டுவது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள்.

"முன்னால நெய்த படத்துக்கே முத்திரை வைக்கலாமா? சம்மதம்னா கை தூக்குங்க" என்றான் எழிலரசன்.

முதலில் தூக்கியது பெரியவர். பிறகு முகத்தைப் பொத்தியிருந்த பெண். பிறகு வரிசை வரிசையாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியாகச் சுகிர்தாவும் தூக்கினாள்.

"இத்தனை நாளும் தெரியாமச் சொன்னீங்க" என்றாள் பத்மாசனி. "இப்பத் தெரிஞ்சே சொல்றீங்க. நல்லா இருங்க." அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள்.

சுகிர்தா பின்னாலேயே வந்தாள்.

"உங்களுக்கு இது பழகிடுச்சுக்கா" என்றாள். "எங்கம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. எழுந்து நடக்க முடியாது. நான்தான் சோறு ஊட்டறேன்."

"அன்னிக்கு நீ கிணத்தைப் பார்த்து அலறினே" என்றாள் பத்மாசனி. "நாளைக்கு எடுத்துக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டார். வேற குழந்தையைப் போட்டுடுவாங்கன்னு பச்சைப் புடவையில நின்ன உங்கம்மாதான் பின்னாலேருந்து தள்ளிவிட்டா. நான் குதிச்சது கதைக்காக இல்லடி."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்குச் சாயங்காலம் நீ யார்கூட வீட்டுக்குப் போவே?"

சுகிர்தா ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"உங்கம்மா இழை கொடுத்தாளா?"

"மாட்டேன்னுட்டாங்க. அந்தப் படத்தைத் தான் பார்த்ததே இல்லைன்னுட்டாங்க."

"உன்னை மடியில வெச்சுக்கிட்டுப் பார்த்திருப்பாளே?"

சுகிர்தா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்தபோது அவள் முகத்தில் பழைய வெறுப்பு திரும்ப வந்திருந்தது.

"நீங்கதான் தள்ளினீங்கக்கா. தறியே சொல்லிடுச்சு" என்றாள். "நேரமாச்சு. அம்மா பசி தாங்க மாட்டாங்க."