உள்ளே இருப்பவர்கள்: 2

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டையைக் காட்டிவிட்டு ஜோசஃபின் ஆய்வறைக்குள் காலை வைத்தபோது, கதவோரத்துச் சின்னத் திரையில் ‘உள்ளே இருப்பவர்கள்: 2’ என்று வந்தது. வந்திருந்தது அவள் ஒருத்திதான்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள், ஒன்றை இரண்டாக எண்ணுகிறது என்று மின்னஞ்சல் குழுவில் புகார் சொல்லிக்கொண்டிருந்த பிழை அது. யார் கையிலும் சிக்காமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது அவள் வேலை பார்க்கும் இடத்து வாசலிலேயே வந்து நிற்கிறது. அல்சூர் ஏரிக்குப் பின்னால் உள்ள அந்தச் சிறிய கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கெர்னலில், அதாவது கணினியின் அடிமடியில் ஓடும் அந்த நிரலில், யார் என்ன திருத்தம் எழுதினாலும் அதை முதலில் தங்கள் ஆய்வறைக் கதவை ஆளும் குட்டிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். நாம் சமைத்ததை நாம் சாப்பிடாமல் ஊருக்குப் பரிமாறக் கூடாது என்பது சுனிலின் கட்சி. அந்தக் குழுவில் எந்தத் திருத்தம் உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு சொல்கிறவன் அவன்.

அவள் சந்தாபுராவில் வீட்டில் இருந்த சுனிலை அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“சுனில், மாட்டிக்கிச்சு. நான் ஒருத்தி வந்தேன், ரெண்டுன்னு எண்ணுது.”

“நிஜமாவா? எதையும் தொடாத. ரீபூட் மட்டும் பண்ணிடாத, தடயம் போயிடும்.”

“இதுகூடத் தெரியாதா எனக்கு? வீட்ல புள்ள மரியாவுக்குக் காய்ச்சல். அவ தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள போகணும். லாகை மட்டும் எடுத்துட்டுக் கிளம்பறேன்.”

ஜன்னல் இல்லாத அறை. வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் அடுக்கடுக்காகச் சோதனைக் கணினிகள், அத்தனைக்கும் விசிறிகள். அவை சேர்ந்து எழுப்பும் இரைச்சல் முதலில் காதை அடைக்கும், பிறகு பழகிப்போய் அமைதி மாதிரியே ஆகிவிடும், அதற்கு அடியில் வேறு ஏதாவது சத்தம் இருந்தால்தான் திடுக்கென்று தெரியும். சூடேறிய தூசியின் வாசனை அவளுக்குப் பழக்கம். அதோடு இன்று ஈரத் துணியின் வாசனையும் கலந்திருந்தது. வெளியே மழைதான், ஆனால் அவள் ஆட்டோவில் வந்து கூரைக்கடியில் இறங்கியவள், ஒரு துளிகூட மேலே படவில்லை. ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

கதவுக் கணினியின் பதிவான லாகை எடுத்து முடித்து, பையை மாட்டிக்கொண்டு, கதவில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ‘இன்னொருவருக்காகக் காத்திருக்கிறது.’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தீப்பிடித்தால் வாயு பாய்ந்து மூச்சை அடைக்கும் அறை அது. அதனால் உள்ளே ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு இன்னொருவர் போகக் கூடாது என்று விதி. இருவர் நுழைந்தால் இருவரும் அட்டை காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கதவு திறக்கும். அந்த விதியை நிரலாக எழுதியவளே அவள்தான்.

“நல்லா மாட்டிக்கிட்டேன் போ,” என்றாள் கையிலிருந்த போனில். “எண்ணிக்கைல ஒண்ணக் குறைச்சுவிட்டுட்டு வெளிய வரேன்.”

“ஏய், இரு. மொதல்ல யார் பிடிச்சிருக்காங்கன்னு பாரு. பாக்காம குறைக்காத. குழுவில ஆயிரம் தடவ சொல்றோம்ல?”

சொல்வது உண்மைதான். கெர்னலில் எல்லாமே தலை எண்ணிக்கைதான். ஒரு பொருளை யார் பிடித்துக்கொண்டாலும் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பூஜ்யமானதும், யாருமில்லை என்று அந்த இடத்தைத் துடைத்துக் காலியாக்கிவிடும். யாரோ இன்னும் பிடித்திருக்கும்போது கணக்குத் தப்பு என்று நினைத்துக் கையால் குறைப்பதுபோல ஆபத்தான தவறு வேறில்லை. அவசரத்தில் இருக்கிற புதுப்பையன்கள் செய்வது. ஜோசஃபினே எத்தனை பேரை அதற்காகக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறாள்.

அவள் அறைக் கோடியிலிருந்த கணினியில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு வரிகள் வந்தன. ஜோசஃபின். ஜோசஃபின்.

“ரெண்டும் நான்தான் சுனில். என் கார்டையே ரெண்டு தடவ எண்ணியிருக்கு.”

“ரெண்டுக்கும் மெமரில ஒரே அட்ரஸா?”

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். “இல்ல. வேற வேற.”

“அப்ப அது தப்பா எண்ணல ஜோ. கெர்னலப் பொறுத்தவரைக்கும் அங்க ரெண்டு பேர் இருக்காங்க.”

அவன் நிரலைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, பார்க்கக் கூடாது என்றும் தோன்றியது. பார்த்தாள். அலமாரிகளுக்கிடையே நீண்ட சந்துகள், பச்சை விளக்குகளின் மினுக்கல், கடைசிச் சந்தின் முடிவில் இருட்டு. பக்கத்து நாற்காலியில் கை ஊன்றி எழப் போனவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நாற்காலியின் இருக்கை நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

பயம். வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை அதற்கு. விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் இப்போது இன்னொன்றும் கேட்டது. மூச்சு. அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது. அவள் விட்டாள். அதுவும் விட்டது.

“சுனில், செக்யூரிட்டி கிட்ட சொல்லிக் கதவ ஒடைக்கச் சொல்லு.”

“சொல்றேன், சொல்றேன். நீ எதையும் மாத்தாத. நான் லைன்ல...”

இடையில் இன்னொரு அழைப்பு. அவள் கணவன் ஜாய்சன். எடுத்தாள். “ஜோ, எங்க இருக்க? புள்ளைக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு. மம்மி மம்மினு அனத்துறா. சீக்கிரம் வா.”

தாய் மனம் அதற்குமேல் விதியைப் பார்க்குமா? கை விசைப்பலகைக்குப் போனது. இரண்டு ஜோசஃபின்களில் ஒன்றை நீக்க வேண்டும். எது பொய்? பின்னால் வந்ததாகத்தானே இருக்க வேண்டும். இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கினாள்.

திரையில் 2 மறைந்து 1 வந்தது.

அவள் எழுவதற்குள், முதுகுக்குப் பின்னால் காற்று அசைந்தது. ஈர வாசனை அவளைக் கடந்து போனது. கதவருகே அட்டை காட்டும் கீச்சொலி கேட்டது. பச்சை விளக்கு. தாழ் விலகும் சத்தம். அவள் ஓடினாள். கதவு அவள் விரல் நுனிக்கு எதிரிலேயே மூடிக்கொண்டது.

‘வெளியேறியவர்: ஜோசஃபின்.’

‘உள்ளே இருப்பவர்கள்: 0.’

அறையின் விளக்குகள் அணைந்தன. ஆளில்லாத அறைக்கு எதற்கு வெளிச்சம்?

அட்டையைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். ‘அப்படி ஒருவர் உள்ளே இல்லை.’ இருட்டில் தடவித் தடவிக் கணினிக்குப் போய்த் தன் பெயரைத் தட்டினாள். ‘அப்படி ஒருவர் இல்லை.’ பின்னால் வந்தது அவள்தான், நீக்கியது தன்னையே. போனில் சுனிலிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: “வெளிய வந்துட்டபோல, லாக்ல பாத்தேன். செக்யூரிட்டிய வர வேணாம்னு சொல்லிட்டேன். புள்ளையப் பாரு.” அவனை அழைத்தாள். எடுக்கவில்லை. கீழே வாசலில் காவலுக்கு இருக்கும் ராஜலக்ஷ்மியை அழைத்தாள்.

“ராஜலக்ஷ்மி, நான் ஜோசஃபின். மேல லேப்ல மாட்டிக்கிட்டேன். உடனே வாங்க.”

“யாரும்மா நீங்க? ஜோசஃபின் மேடம் இப்பதான் போனாங்க. நான்தான் ஆட்டோ புடிச்சுக் குடுத்தேன். பாவம், தொப்பலா நனைஞ்சிருந்தாங்க.” ராஜலக்ஷ்மி கொஞ்சம் தயங்கினாள். “கொரலு அவங்க மாதிரியே இருக்கு. வெளையாடாதீங்கம்மா, போன வைங்க.” வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தபோது அடித்துக்கொண்டே இருந்தது.

ஜோசஃபின் கத்தினாள். கதவை உதைத்தாள், உள்ளங்கையால் அறைந்தாள். தடித்த கதவு. விசிறிகளின் இரைச்சல். ஜாய்சனை அழைத்தாள், அவன் துண்டித்தான். காய்ச்சலில் அனத்தும் குழந்தையை விட்டுவிட்டு வேறெதையும் கவனிக்க அவனுக்கு நேரமிருக்காது. ஆட்டோவில் ஏறியது இப்போது வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். வீடு இருக்கும் ஒக்கலிபுரத்துக்கு எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை. ரோட்டில் நெரிசல் இருக்காது, சீக்கிரம் போய்விடும்.

ஜெபம் சொல்லப் பார்த்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோனது.

பிறகு போன் அடித்தது. ஜாய்சனின் எண்.

“ஜாய்சன்! அவள உள்ள விடாத! அது நான் இல்ல...”

“மம்மி.” மரியாவின் குரல். கிசுகிசுப்பாக. காய்ச்சலில் உலர்ந்த சின்னக் குரல். “மம்மி, சத்தமாப் பேசாத.”

“சிட்டு...”

“இங்க யாரோ வந்திருக்காங்க மம்மி. ஒடம்பெல்லாம் ஈரம். டாடி அவங்கள ஜோ, ஜோன்னு கூப்பிடறாரு. நான் டாடி போன எடுத்துட்டு வந்துட்டேன். கட்டிலுக்கு அடில இருக்கேன்.”

ஜோசஃபின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நீ எப்ப வருவ மம்மி?”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது போனுக்குள் ஒரு கதவு மெல்லத் திறந்தது. காலடிகள். ஈரக் காலடிகள், மொசைக் தரையில். குழந்தை மூச்சை அடக்கியது தெரிந்தது. ஜோசஃபின் மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு முனகல்கூட வெளியே வரக் கூடாது. வந்தால் கட்டிலுக்கடியில் கேட்கும்.

காலடிகள் நின்றன.

“சிட்டு,” என்றது ஒரு குரல், கொஞ்சலாக, மிக அருகில். வீட்டில் ஜோசஃபினைத் தவிர வேறு யாரும் மரியாவைக் கூப்பிடாத பெயர். ஜோசஃபினின் குரல்.

“சிட்டு, மம்மி வந்துட்டேன்டா. வெளிய வா.”