தவளைப் பந்தயத்துக்கு ஓர் ஒப்பம்

சனிக்கிழமை காலை இட்லிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும் கோகிலவாணியின் வீட்டில் அலுவலகம் தொடங்கிவிடும். கூடத்துத் திரைச்சுவரில் அந்த வாரத்துக் குழந்தைகள் இணையத்தளம் விரியும். கணவன் சென்னியப்பனும் மகள் நறுமுகையும் காதுக்குப் பின்னால் ஆளுக்கொரு களிப்புமானியை ஒட்டிக்கொண்டு விளையாட உட்காருவார்கள். கோகிலவாணி பக்கத்தில் இருந்து மதிப்பிடுவாள். குடும்பப் பொழுதுபோக்குத் தளத்தைக் குடும்பத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது மதிப்பீட்டு வாரியத்தின் ஏற்பாடு. மானியில் கடைசிவரை பச்சை எரிந்தால் தளம் தேறியது. சிவந்தால் அன்று மாலையே அதை வலையிலிருந்து துடைத்துவிடுவார்கள்.

வருகிற தளங்கள் எல்லாம் ஒரே அச்சு. கரடி பாடும், முயல் கைதட்டும், குழந்தை எதைத் தொட்டாலும் வாணவேடிக்கை வெடிக்கும். சென்னியப்பன் பாதியில் கொட்டாவி விடுவான். மானி அதையும் மனநிறைவு என்று சேர்த்துக்கொள்ளும். கோகிலவாணிக்கு இந்தக் கூத்து அலுத்துப்போய் வெகுநாளாயிற்று. வேலை வேண்டுமே என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

இந்த வாரம் வந்தது கோபிச்செட்டிபாளையத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் நடத்தும் சின்னத் தளம். அதில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு தவளைப் பந்தயம்தான். எந்த இலை தாங்கும், எது மூழ்கும் என்று பார்த்துத் தாவிக் குளத்தைக் கடக்க வேண்டும். நறுமுகை வழக்கம்போலக் கண்டபடி தட்டினாள். அவள் தவளை தண்ணீரில் விழுந்தது. சென்னியப்பனின் தவளை அக்கரை சேர்ந்தது. அப்பா ஜெயித்துவிட்டார் என்று திரை அறிவித்தது.

சென்னியப்பன் தன்னையறியாமல் ஒரு சீழ்க்கை அடித்துவிட்டு, பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா, இது கெட்டுப்போச்சு. அப்பா பேரைப் போடுது" என்றாள் நறுமுகை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தோல்விநீக்கி வந்த பிறகு பிறந்த பிள்ளை அவள். எல்லா விளையாட்டுக்குள்ளும் அந்த நிரல் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களின் விரலைத் தாமதப்படுத்தும், குழந்தையை முன்னே தள்ளிவிடும். எந்தக் குழந்தையும் எதிலும் தோற்று மனம் நோகக் கூடாது என்று நல்லெண்ணத்தில் கொண்டுவந்ததுதான். பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரியக் கூடாது. கோபிக்காரர்கள் தங்கள் தளத்தில் அதை வைக்கவே இல்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று கோகிலவாணி முதலில் நினைத்தாள். அடுத்த நொடியே அவர்கள்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். "கெட்டது இது இல்ல கண்ணு. மத்ததெல்லாந்தான்" என்று தொடங்கி, தோல்விநீக்கியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள்.

நறுமுகை அழுதாள். சத்தமில்லாமல் தொடங்கி, தேம்பித் தேம்பி அழுதாள். அவள் காதுக்குப் பின்னால் மானி சிவந்தது. சிவப்பு விளக்கையே பார்த்தறியாத சென்னியப்பன், மானிதான் பழுது என்று எண்ணி அதைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி ஒட்டினான். சிவப்பு மாறவில்லை.

திரையின் ஓரத்தில் மேலதிகாரி ஞானப்பிரகாசம் தோன்றினார். கெட்ட மனிதர் அல்ல. குழந்தை அழுவதைக் கண்டு அவர் முகமே வாடிவிட்டது. தளத்தை நிராகரித்துவிட்டு முதலில் பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்னார்.

"நிராகரிக்க மாட்டேனுங்க சார். ஒப்பம் வைக்கிறேன்."

மானியை மீறி மதிப்பீட்டாளர் பெருவிரல் ஒப்பம் வைக்கலாம் என்று விதியில் ஒரு பிரிவு உண்டு. அதுவரை ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

"வேலை போயிரும்மா."

"போகட்டுங்க. இத்தனை வருசம் குப்பைக்கெல்லாம் பச்சை போட்டனே, அப்பவே போயிருக்கோணும்."

பெருவிரலைத் திரையில் அழுத்தினாள்.

மேலதிகாரிக்கு இன்னும் ஒரு வழி மிச்சம் இருந்தது. சோதித்த குழந்தையே தளத்தை எடுத்துவிடச் சொன்னால் ஒப்பம் செல்லாது. ஞானப்பிரகாசம் குனிந்து கனிவாகக் கேட்டார். "பாப்பா, உன்னை அழவெச்ச விளையாட்டு இது. எடுத்துரலாமா?"

கோகிலவாணி மகளுக்குக் கண்ஜாடைகூடக் காட்டவில்லை.

நறுமுகை மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்கு இது புடிக்கவே இல்லைங்க அங்கிள்" என்றாள். அவர் தலையாட்டுவதற்குள், "அதுக்குன்னு எடுத்துராதீங்க. நான் இன்னும் ஜெயிக்கல" என்றாள்.

"தினம் ஜெயிக்கிறியே கண்ணு?"

"அது நான் இல்லைங்க."

நறுமுகை காதுக்குப் பின்னாலிருந்த மானியைப் பிய்த்துத் தரையில் போட்டுவிட்டுத் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். எந்த இலை மூழ்குகிறது என்று முகத்தைச் சுளித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

"வாங்கப்பா" என்றாள். "எனக்காக மெதுவா ஆடுனீங்கன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்."