முப்பத்து மூன்றாவது பெட்டி

மூன்று மணிக்குச் சிங்கப்பூர் பஸ் வந்தது. மூடுபனி அதற்கு முன்பே வந்திருந்தது. தேயிலைச் சரிவு மறைந்து, ஹோட்டல் மட்டும் மலைமேல் தனியாக நின்றது.

மகேஸ்வரன் பஸ்ஸின் பக்கக் கதவைத் தூக்கிப் பெட்டிகளை இறக்கினான். பதினோரு வருஷமாக இதே வாசல், இதே தொப்பி. பெட்டியை வாங்க வேண்டும். அட்டை கட்டி அறை எண் எழுத வேண்டும். அட்டையின் கீழ்ப்பாதியைக் கிழித்து விருந்தினர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை அறைவாசலில் சேர்க்க வேண்டும். உள்ளே வரச் சொன்னால்தான் உள்ளே. சொல்லாதவரை நிலைப்படியைத் தாண்டக் கூடாது.

விருந்தினர் அவன் கையைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை. பத்து நிமிஷம் கழித்து லிப்டில் கண்டால், “என் பெட்டியை நீதானே கொண்டுபோனே?” என்று கூட வேலை பார்க்கும் சசிதரனைக் கேட்பார்கள். சசிதரன் அவனைவிட ஒரு சாண் உயரம், மாநிறம், மீசை இல்லாதவன்.

பஸ்காரரின் தாளில் முப்பத்திரண்டு. இறங்கியது முப்பத்து மூன்று.

கடைசியாக வந்தது ஒரு தகரப் பெட்டி. பச்சைச் சாயம் உரிந்திருந்தது. பஸ்ஸுக்குள் மற்றதெல்லாம் காய்ந்திருக்க, அது மட்டும் நனைந்திருந்தது. நாள்பட்ட ஈரச் சாக்கின் வாசம். தூக்கினான். கனமே இல்லை.

யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை.

“எண் இல்லாத பெட்டி வாசல்ல நிக்கக் கூடாது,” என்றார் வீரப்பன். அந்த வாசலில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் கேப்டன். “ஏதாச்சும் ஒரு வழி பண்ணு. அதுவரைக்கும் யாரும் ஷிப்ட் முடிக்க முடியாது லா.”

“அண்ணே, இன்னிக்கு மகளுக்குப் பிறந்தநாளு. நாலு மணிக்குத் தானா ராத்தா டவுன்ல கேக் எடுக்கணும்.”

“அதுக்கு நான் என்ன பண்றது? பெட்டிகிட்ட சொல்லு.”

சசிதரன் சிரித்தான். “பொண்டாட்டியையே மறந்துட்டு பஸ் ஏறுன ஆளெல்லாம் இருக்கான், அண்ணே. இது வெறும் தகரம்.”

மகேஸ்வரன் பேனாவை எடுத்தான். ஏதோ ஓர் எண் வேண்டும். விருந்தினர் அறை எண்ணை எழுதினால் நாளைக்குக் கேள்வி வரும். ஹோட்டலில் அறைகள் நூற்றொன்றில் தொடங்குகின்றன. அவன் 14 என்று எழுதினான். கீழே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவன் வீட்டு எண் அது. வாங்க ஆள் இல்லாததால் கீழ்ப்பாதியைக் கிழித்துத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டான். பெட்டியை ஸ்டோரில் வைத்துப் பூட்டினான்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வீரப்பன் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கடா கொண்டுபோய்க் குடுத்தே அதை?”

“எதை?”

“தகரப் பெட்டிய. கையெழுத்துப் போட்டிருக்கியே.”

புத்தகத்தில் 14, சேர்த்தாயிற்று என்றிருந்தது. அவன் கையெழுத்துதான். ஸ்டோர் பூட்டைத் திறந்து பார்த்தான். பெட்டி இருந்த இடத்தில் ஈரச் சதுரம் மட்டும் இருந்தது.

அவன் வீட்டுக்குப் போன் செய்தான்.

“ஹலோ,” என்றாள் துளசி. பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. “யாருங்க? இது அவர் போனாச்சே. ஹோட்டல்ல விட்டுட்டு வந்துட்டாரா?”

“துளசி, நான்தான்.”

“அவரு இப்பத்தான் வந்தாரு. ஏதோ பெட்டியக் கொண்டாந்து வெச்சிட்டுக் குளிக்கிறாரு. வந்ததும் சொல்றேன்.”

“துளசி, நான்தான் பேசறேன். மகேஸு.”



“யாருங்க நீங்க? என் பேர எதுக்குச் சொல்றீங்க?”

போன் துண்டிக்கப்பட்டது.

மறுபடி அடித்தான். இந்தத் தடவை எடுத்தது ஓர் ஆண். தொண்டையைச் செருமிக்கொண்டான். அந்தச் செருமல் மகேஸ்வரனுக்குத் தெரியும். தினமும் காலையில் தன் தொண்டையிலிருந்து வருவது.

“சொல்லுங்க,” என்றது மகேஸ்வரனின் குரல்.

மோட்டார் சைக்கிளில் தோட்டத்துச் சாலை பன்னிரண்டு நிமிஷம். பனியில் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு ஈரச் சாக்கு வாசம் கூடவே வந்தது.

பதினான்காம் எண் வாசலில் குழந்தைகளின் செருப்புகள். அவற்றின் நடுவே ஹோட்டல் சீருடையின் கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடி. இடது குதிகாலில் அவன் ஒட்டிய ரப்பர்.

அவன் தன் காலைப் பார்த்தான். சப்பாத்து காலில்தான் இருந்தது.

அதே ரப்பர்.

கதவைத் தட்டினான். துளசி திறந்தாள். அவள் பார்வை தொப்பிக்குப் போனது. அங்கிருந்து பித்தளைப் பொத்தான்களுக்கும் கைக்கும் இறங்கியது. முகத்தில் நிற்கவேயில்லை.

“பெட்டி எடுக்க வந்தீங்களா?”

“துளசி. என் மூஞ்சியப் பாரு.”

அவள் பார்க்க முயன்றாள். அவனுக்கு அது தெரிந்தது. ஈரக் கண்ணாடியில் விரல் வழுக்குவதுபோல் அவள் கண் அவன் முகத்தில் வழுக்கிக் கீழே போயிற்று.

“ஏங்க,” என்று உள்ளே திரும்பினாள். “ஹோட்டல்லேருந்து ஆள் வந்திருக்கு.”

கூடத்தில் ஆறு மெழுகுத்திரி குத்திய கேக். நாலு மணிக்கு அவன் எடுக்க வேண்டிய கேக். ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். நாற்காலியில் முதுகு காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலை ஈரமாக இருந்தது. அவன் மடியில் மகள் வசுமதி.

உள்ளே பாய வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு அடி.

கால் எழவில்லை.

யாரும் அவனை உள்ளே வரச் சொல்லவில்லை.

“வசு,” என்று கூப்பிட்டான். “நான்தான் அப்பா. இங்க வா, தங்கம்.”

வசுமதி நாற்காலியில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகத்திடம் ஏதோ கேட்டாள்.

“அங்கிளுக்கு ஒரு துண்டு குடு,” என்றது நாற்காலியிலிருந்து மகேஸ்வரனின் குரல்.

அவள் காகிதத் தட்டில் கேக் கொண்டுவந்தாள். மெழுகுத்திரி குத்திய ஓட்டை அதில் இருந்தது. அவன் கைக்குத் தட்டை நீட்டினாள். அவன் வாங்கினான்.

“தேங்க் யூ அங்கிள்,” என்றாள், பெட்டி வாங்கிக்கொள்ளும் விருந்தினரைப்போல்.

கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளிருந்து ஒரு கை நீண்டு தகரப் பெட்டியை வாசலுக்குத் தள்ளியது. கட்டைவிரலில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி கிழித்த தழும்பு. பதினாறு வயதில் அவனுக்குப் பட்ட காயம்.

தாழ்ப்பாள் விழுந்தது.

சட்டைப்பையைத் தடவினான். கீழ்ப்பாதி அட்டை இல்லை. பெட்டியில் புது அட்டை கட்டியிருந்தது. அதில் எண் இல்லை.

வாசலிலேயே நின்றான். ஜன்னல் வெளிச்சம் அணைந்தது. விடிந்ததும் வசுமதி பள்ளிச் சீருடையில் வெளியே வந்து, தூணைச் சுற்றிப் போவதுபோல் அவனை விலகிப் போனாள். பிறகு அவன் கை தானாகப் பெட்டியின் பிடிக்குப் போயிற்று. பெட்டி கனக்கவேயில்லை.

அன்று மூன்று மணிக்கு ஹோட்டல் வாசலில் பஸ் வந்தது. வீரப்பன் விரல் நீட்டி எண்ணினார்.

“முப்பத்தொண்ணு இருக்கணும். இங்க முப்பத்திரண்டு இருக்கு. மறுபடியும் அதே தகரமா? எவன்டா இதை வெச்சது?”

“நான்தாண்ணே,” என்றான் மகேஸ்வரன். பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தான்.

வீரப்பன் பெட்டியைப் பார்த்தார். அதன் பிடியைப் பார்த்தார்.

“சசி, நேத்து மாதிரி இழுத்தடிக்க வேணாம். ஏதாச்சும் ஒரு எண் போடு.”

சசிதரனுக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் வீடு. போன மாதம்தான் கல்யாணம் ஆனது. அவன் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தான்.

எழுதாதே என்று சொல்ல மகேஸ்வரன் வாயைத் திறந்தான்.

பேனா அட்டையில் பட்டது.

வாயை மூடிக்கொண்டு, எந்த வீட்டு எண்ணை எழுதுகிறான் என்று பார்க்க மகேஸ்வரன் குனிந்தான்.