மூன்றில் ஒரு முள்

ஒன்பதாயிரம் அடியில் தானியங்கி விமானத்தை நிலைநிறுத்திவிட்டது என்று கேப்டன் சொன்ன பிறகும், துணை விமானியின் முன்னிருந்த உயரமானியில் மட்டும் முள் கீழ்நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. மிக மெல்ல, உறக்கத்தில் குழந்தையின் பிடி தளர்வதுபோல.

"சார், என்னோடது இறங்குது."

கேப்டன் தம் பக்கத்து உயரமானியைப் பார்த்தார். ஒன்பதாயிரத்தில் அறைந்த ஆணியாய் நின்றது அது. இருவருக்கும் நடுவே ஆபத்துக் காலத்துக்கென வைத்திருந்த சிறிய உயரமானியும் அதையே சொன்னது.

"உன்னோடதுக்கு மட்டும் வீட்டுக்குப் போற அவசரம் போலிருக்கு," என்று சிரித்தார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே மாலை ஒளி மேகத்துள் கரைந்து, விசும்பென்றும் நிலமென்றும் பிரித்தறிய வழியின்றி, சாம்பலைக் குழைத்துப் பூசியதுபோல் நாற்புறமும் அடைத்து நின்றது. அந்தச் சாம்பலுக்கு அடியில் மலைத்தொடர் ஒன்று கிடந்தது. அதன் உச்சி ஏறத்தாழ எட்டாயிரம் அடி. சென்ற மழைக்காலத்தில் அவளுடைய தம்பி பறந்த விமானம் மோதியது அந்த மலையில்தான். அவனும் துணை விமானி. உரிய உயரத்தில்தான் பறக்கிறோம் என்று கடைசி மூச்சுவரை அவர்கள் நம்பியிருந்ததாக விசாரணையில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பெட்டியில் கனமே இல்லை. தூக்கிய நால்வரும் அதற்காகவே அழுதார்கள்.

மனம் தேறிவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு அவள் மீண்டும் பறக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

ஹெட்செட்டில் இரைச்சல் கூடியது. தொலைவில் ஓயாமல் பெய்யும் மழையின் ஒலிபோன்ற அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. யாரோ மூச்சு விடும் ஒலி. நனைந்த மண்ணின் வாடையும், அதனூடே பச்சை மரம் எரிந்த புகையின் கசப்பும் எங்கிருந்தோ வந்து அவள் தொண்டையில் தங்கின.

"எட்டாயிரத்து எழுநூறு..."

ஈற்றெழுத்தைப் பாட்டுப்போல் இழுக்கும் அந்தக் குரலை அவள் அறிவாள். பயிற்சிக் காலத்தில் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அவன் உயரங்களை இப்படித்தான் சொல்லிப் பழகுவான். காது புளித்துப்போய் அவள் தலையணையை எடுத்து அவன்மேல் எறிவாள்.

முள் எட்டாயிரத்து எழுநூற்றில் இருந்தது.

"எட்டாயிரத்து அறுநூறு... அக்கா, பாரு."

முள் பணிந்து இறங்கியது.

"சார், உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"உன் குரல்தான் கேக்குது. நடுங்குது."

"கையால ஓட்டலாம் சார். கொஞ்சம் ஏத்திடலாம். ப்ளீஸ்."

"நமக்கு மேல ஆயிரம் அடியில இன்னொருத்தன் வந்துட்டிருக்கான்மா. கேக்காம ஏறினா அவன் வயித்துல போய் முட்டுவோம். அவன்கிட்டயும் நூறு பேர் இருப்பாங்க." அவர் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். இரைச்சல் மட்டுமே மறுமொழியாக வந்தது. "மூணுல ரெண்டு ஒண்ணா சொன்னா, அந்த ரெண்டைத்தான் நம்பணும். நான் சொல்லியா உனக்குத் தெரியணும்?"

தெரியும். அவளும் அதையே படித்துத் தேறியவள். தரையை நெருங்கினால் அலற வேண்டிய எச்சரிக்கைக் கருவியும் வாய் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னே, மூடிய கதவுக்கு அப்பால், நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் இருந்தன. இரட்டைக் குழந்தைகளை இரு தோளிலும் சாய்த்தபடி ஏறிய ஒரு தாயின் முகம் நினைவில் எழுந்தது. ஏறினால் அவர்கள் மாளலாம். ஏறாவிட்டாலும் மாளலாம். ஒருபுறம் இரண்டு கருவிகள்; மறுபுறம் ஒரு முள்ளும், இறந்துபோன ஒருவனின் குரலும்.

"எட்டாயிரத்து நானூறு..."

"தம்பி ஞாபகமா?" கேப்டனின் குரல் தாழ்ந்து கனிந்திருந்தது.

அந்தக் கனிவில் அவள் உடைந்தாள். அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பாள். ஆம், நினைவுதான், பாழும் நினைவு. கண்கள் நிறைந்தன.

"ஸ்விட்ச்சை மாத்தும்மா. என் பக்கத்துலேருந்து எடுத்துக்கட்டும். உன்னோடதைக் கீழ போய்ப் பாத்துக்கலாம்."

பழுதான கருவியை விலக்கிவிட்டு நல்ல கருவியின் அளவை எதிர்ப்பக்கத்துக்கும் தரும் விசை அது. அவள் கை நீண்டது.

"எட்டாயிரத்து இருநூறு. அக்கா, மேல போ." பாட்டு இல்லை இப்போது. அவன் அழுதுகொண்டிருந்தான். "அவரு சொல்றதைக் கேக்காத. நானும் எங்க கேப்டன் பேச்சைக் கேட்டேன்க்கா. அக்கா, அந்த ஸ்விட்ச்சைத் தொ—"

திருப்பினாள்.

குரல் அறுந்தது. மூச்சொலியும் நின்றது. முள் துள்ளி எழுந்து ஒன்பதாயிரத்தில் போய் நின்றது. மூன்றும் ஒன்றாயின. தன் கையாலேயே அவனை இன்னொரு முறை அடக்கம் செய்துவிட்டதாகத் தோன்றியது அவளுக்கு.

"பாத்தியா? எவ்வளவு சமத்தா வந்து நின்னு..."

கேப்டன் முடிக்கவில்லை.

மேகம் கிழிந்தது.

மரங்கள்.

கீழே அல்ல. எதிரே. கண்ணாடிக்கு நேராக.

இருவரும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை ஒருசேரப் பற்றி இழுத்தார்கள். விமானத்தின் மூக்கு எழத் தொடங்கியது. மெல்ல. மிக மெல்ல.

கருகிய சரிவு ஒன்று அவர்களை நோக்கி வந்தது. அதன்மேல் வரிசை வரிசையாக இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், வார்ப்பட்டை பூட்டி, முழங்காலில் தலை கவிழ்த்து, மழையில் நனைந்தபடி. அவர்களிடையே அவன் மட்டும் எழுந்து நின்றான். வெள்ளைச் சட்டை. நெற்றியில் ஒட்டிய முடி. அவன் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

அவனுக்குப் பின்னே, சரிவின் மேற்பகுதி நெடுக, இன்னும் பல வரிசைகள். புதியவை. நனையாதவை. காலியானவை. எல்லாவற்றிலும் வார்ப்பட்டைகள் அவிழ்த்து இருபுறமும் விரித்துவைக்கப்பட்டிருந்தன. முன்னே, மற்றவற்றினின்று சற்று விலகி, அருகருகே கிடந்த விமானி இருக்கைகள் இரண்டிலும்.